ஒன்றரைக் கட்டை

தொண்ணூற்று நான்கில் ஐந்நூறு கேசட் போட்டோம்.
எண்பத்தெட்டு விற்றது.
மிச்சத்தைச் சோழவந்தானில் நெல் போட்டிருந்த
சோணைமுத்துவின் மாமன் சாக்கில் அள்ளிப்போய்
நாடாவை உருவிக் கம்புக்குக் கம்பு கட்டினார்.
காற்றடித்தால் விர்ரென்று அதிரும்.
குருவி அண்டாது.
'குழாயடி' குழுவின் முதல் ஆல்பத்தை
முழுசாகக் கேட்டவை
அந்தக் குருவிகள்தாம்.

செல்லூரில் ஜைலானி வீட்டு மாவு மில்.
இரவு ஒன்பதுக்கு மேல் எங்களுக்கு.
மோட்டாரை நிறுத்த மாட்டோம்.
அது ஓடினால்தான் தெருவில்
வத்தல் அரைக்கிறார்கள் என்று படுத்துக்கொள்வார்கள்.
அதன் உறுமலுக்கே கிடாரைச் சுருதி கூட்டினோம்.
அதற்கும் மேலே ரெஜினா கத்துவாள்,
தண்ணீர் லாரியைப் பார்த்து, கவுன்சிலரைப் பார்த்து,
தன்னைப் பெண் பார்க்க வந்து
பஜ்ஜியை மட்டும் பார்த்துவிட்டுப் போனவனைப் பார்த்து.
மூன்று கார்டு. ஒன்றரை நிமிடம்.
நெடி ஏறிப் பாதிப் பாட்டு தும்மலில் முடியும்.
தும்மலும் கேசட்டில் இருக்கிறது.

பிறகு தமுக்கத்தில் ஒரு மேடை.
கிடைத்த நானூறு ரூபாய் யார் பையில் போனது
என்பதில் பேச்சு நின்றது.
ஜைலானி தம்மாம் போனான்.
மின்வெட்டைத் திட்டிப் பாடிய ரெஜினா
மின்வாரியத்தில் கணக்கெடுக்கச் சேர்ந்தாள்.
மாசம் தவறாமல் வாசலில் நின்றவளைப் பார்த்து
அந்தப் பாட்டையே முனகுவான் சோணைமுத்து.
ஒரு யூனிட் அவள் குறைத்து எழுதியதில்லை.
நான் பழங்காநத்தத்தில் பஞ்சர் ஒட்டினேன்.
இருபத்தெட்டு வருசம்.

ஜைலானி ஒரேயடியாகத் திரும்பி வந்த வாரம்
மில்லில் கூடினோம்.
பழைய முதல் பாட்டு. ஒன், டூ, த்ரீ...
அபஸ்வரம்.
முறுக்கினோம், தளர்த்தினோம்,
ஒருவரை ஒருவர் முறைத்தோம்.
நானூறு ரூபாய் நடுவில் வந்து சம்மணம் போட்டது.
சாக்கை உதறிக்கொண்டே பேச்சியம்மா சொன்னாள்:
"மோட்டர மாத்தி ஆறு வருசமாச்சுண்ணே."

புது மோட்டார் அரைக் கட்டை மேலே உறுமுகிறது.
ரெஜினாவின் தொண்டை ஒரு கட்டை இறங்கியிருக்கிறது.
நடுவில் கிடந்த ஒன்றரைக் கட்டை
யார் பேரிலும் பட்டா இல்லாத புறம்போக்கு.
பழைய பாட்டு ஒன்றுகூட அதில் கால் ஊன்றவில்லை.
அங்கேதான் குடிசை போட்டோம்.
ஒன்பது பாட்டு. இருபத்திரண்டு நிமிடம்.

தம்மாமில் ஒரு பிலிப்பினோவிடம்
நாலாவது கார்டு கற்று வந்திருந்தான் ஜைலானி.
சேர்ப்பதா கூடாதா என்று மூன்று மாதச் சண்டை.
ஆறாவது பாட்டில் ஒரே ஒரு தடவை விட்டோம்,
ரெஜினா மூச்சு வாங்கும் இடத்தில்.
தூங்கவிடாத நடுராத்திரி வேர்வைக்கு ஒரு பாட்டு,
போன் போட்டால் எடுக்காத மகனுக்கு ஒரு பாட்டு.
தண்ணீர் லாரிக்கு இன்னொன்று.
லாரி மாறவில்லை.

வெளியீடும் மில்லிலேயே. ஞாயிறு இரவு, பதினேழு பேர்.
நாலாவது பாட்டு ஓடும்போது
தூக்குவாளியோடு ஒரு அம்மா:
"கேப்ப ரெண்டு கிலோ. காலைல கூழுக்கு வேணும்."
பேச்சியம்மா எங்களைப் பார்த்தாள்.
நாங்கள் யார் பார்க்க, அது மில்.
கேப்பை விழுந்ததும் பாரத்தில் மோட்டார் தணிந்தது,
அரைக் கட்டை,
பழைய இடத்துக்கே.
சோணைமுத்துவின் கை தானாக
முதல் கேசட்டின் முதல் அடியை அடித்துவிட்டது.
கேப்பை தீரும்வரை அதையே வாசித்தோம்.
ரெஜினா பாடவில்லை. மைக்கைப் பிடித்தபடி
மாவு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மோட்டார் மறுபடி ஏறியது.
விட்ட இடத்திலிருந்து நாலாவது பாட்டு.

அந்த அம்மா மாவை விரலில் தேய்த்துப் பார்த்தது.
"இன்னுங் கொஞ்சம் நைசா இருந்திருக்கலாம்."

"இல்லம்மா," என்றாள் ரெஜினா, மைக்கிலேயே.
"இம்புட்டுத்தேன் நைசு வரும்."